கொச்சி தந்த வினாவிடை

தமிழ் நூலொன்று கொச்சியில் 1579-ஆம் ஆண்டிலேயே அச்சேறியது என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். முந்திய ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்க’த்தை அடுத்துத் தோன்றிய அந்நூல், ‘கிரீசித்தியானி வணக்கம்’. மார்க்கோஸ் ஜோர்ஜ் அடிகள் போர்ச்சுக்கீசிய மொழியில் இயற்றியதை, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிய அண்டிரீக் அடிகளார் தமிழாக்கினார். அச்சு வரலாற்றில் அதன் இடத்தை அறிஞர்கள் நிறுவிவிட்டனர். அதனை ஒரு நூலாக வைத்து நாம் மதிப்பிட்டோமா?

ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது அது. கேட்பவர் ஆசிரியர், விடை பகர்பவர் மாணவர். நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்துவார். தான் அறிந்ததைப் பிறர் அறிவாரோ எனச் சோதிப்பது அறிவினா. இதுவோ அதுவோ எனத் தெளிவு வேண்டுவது ஐயவினா. கொச்சி நூலில் உள்ளவை அறிவினாக்களே. மாணவரின் ஐயத்துக்கு அங்கு இடமில்லை. சிறுவர்க்குரிய பாடநூலில் இது குற்றமன்று. வளர்ந்த பின்னரும் மனனம் செய்த விடையையே நம்பிக்கை எனக் கொள்வதுதான் குறை.

இத்தனைக்கும் அண்டிரீக் அடிகளார் தாமே சிந்தித்தவர். சைவர் நாவில் பழகிய ‘தம்பிரான்’ என்னும் சொல்லை அவர் முதல் நூலின் தலைப்பிலேயே ஏற்றார். சொல்லைத் தேர்வதும் ஓர் இறையியல் முடிபன்றோ?

அச்சகம் இருந்த கோட்டைப் பகுதியை அடுத்ததே மட்டாஞ்சேரி. 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் தோமையார் கிறித்தவரின் சிரியாக் மொழி ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. அம்மக்களின் மனக்குமுறல், 1653 சனவரி 3-ஆம் நாள் மட்டாஞ்சேரிச் சிலுவையின் முன் ஆணையாக வெடித்தது. சேசு சபையார்க்கு இனி அடங்கோம் என்றனர். கூனன் குரிசு என அச்சிலுவை இன்றும் பேசப்படுகிறது.

இதனைத் தன்சிந்தனையின் வெற்றி எனப் போற்றுவோர் உளர். நாம் சற்று நிதானிக்க வேண்டும். கீழை நாட்டு ஆயர் அகத்தல்லா கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற செய்தியே மக்களைக் கொதிக்கச் செய்தது. பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. மேலும், அன்று எழுந்தது யாருக்குக் கீழ்ப்படிவது என்ற வினா. எதனை, ஏன் நம்புவது என்ற வினா பெரும்பாலும் எழவில்லை. துணிவு வேறு, தெளிவு வேறு.

அந்த இரண்டாம் வினாவை எழுப்பியோருள் சென்னையின் சக்கரைச் செட்டியாரும் செஞ்சையாவும் குறிப்பிடத்தக்கவர். இருவரும் குருமார் அல்லர், வழக்கறிஞர்கள். இயேசுவை அவதாரம் என்றே 1926-இல் எழுதிய சக்கரையார், வந்து மறையும் அவதாரமன்று அது, ஆவியில் இன்றும் தொடர்வது என வேறுபாடும் காட்டினார். பழைய சொல்லை ஏற்று, அதன் பொருளை ஆராய்ந்து, புதுக்கினார். கிறித்தவத்தை மறுசிந்தனைக்கு உள்ளாக்கி 1938-இல் இவர்கள் வெளியிட்ட தொகுதியில், கிறித்து வேறு, திருச்சபை என்னும் அமைப்பு வேறு என்ற வாதம் எழுந்தது. அவர்தம் முடிபுகளை மறுக்கலாம். கேட்ட உரிமையை மறுத்தல் இயலாது.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. 1579-இல் விடைகள் தமிழில் வந்தன. 1926-இலும் 1938-இலும் ஐயங்கள் ஆங்கிலத்தில் எழுந்தன. நாம் வழிபடும் மொழியிலேயே நம் ஐயவினாவும் எழுதல் வேண்டும். கொச்சி நூலுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி, அதில் இடம்பெறாத மாணவரின் வினாவைத் தமிழில் எழுதுவதே ஆகும்.