மகனுக்குத் திறந்த கதவு: பார்சிப் பெண்ணும் சமய உரிமையும்

பிற சமயப் பெண்ணை மணக்கும் பார்சி ஆண் பார்சியாகவே நீடிக்கிறார். அவருடைய பிள்ளைகளுக்குச் சமயத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு நடத்தி, நெருப்புக் கோயிலுக்குள் அழைத்துக்கொள்ளலாம். பிற சமயத்தவரை மணக்கும் பார்சிப் பெண்ணுக்கோ பல ஊர்களில் அந்தக் கோயில் வாசல் அடைபடுகிறது; அவர் பிள்ளைகளுக்கு நவ்ஜோத் மறுக்கப்படுகிறது. பாரசீகத்திலிருந்து கப்பலேறி வந்த முன்னோர் கையோடு கொண்டுவந்த மரபு இது என்பது ஆதரிப்போரின் வாதம். பாரசீக வரலாற்றைப் புரட்டினால் அந்த வாதம் பாதிதான் நிற்கிறது.

அக்கெமனியப் பேரரசின் பெர்செபொலிஸ் களிமண் பலகைகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியையும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. கூலிக் கணக்கு என்பதால் அவற்றில் புகழுரை இல்லை, அதனாலேயே நம்பலாம். இர்தபாமா என்ற அரசகுலப் பெண் தன் சொந்த முத்திரையோடு நிலங்களையும் பெருந்தொகையான வேலையாட்களையும் நிர்வகித்தது அவற்றில் பதிவாகியிருக்கிறது. வேலைக் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய பெண்கள் சாதாரண ஆண் தொழிலாளியைவிட அதிகப் படி வாங்கினார்கள். பிள்ளை பெற்றவர்களுக்குத் தனிப்படியும் உண்டு. ஆனால் ஆண் குழந்தை பெற்றவளுக்குக் கிடைத்தது, பெண் குழந்தை பெற்றவளுக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்கு. பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு, வாரிசு என்று வரும்போது ஆணுக்கு முன்னுரிமை: பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

சமயத்திலும் அப்படித்தான். பார்சிகளின் சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரின் காதைகள் என்னும் பாடல்கள் ஆண், பெண் இருபாலரையும் நோக்கிப் பேசுகின்றன. சமயக் கல்விக்காக வீட்டைவிட்டுச் செல்ல வேண்டியவர் கணவனா மனைவியா என்று ஆராயும் ஹேர்பெதெஸ்தான் நூல், குடும்பச் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்குக் குறைவோ அவர் போகட்டும் என்ற போக்கில் விடை சொல்கிறது. இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது தூய்மை விதிகளைச் சொல்லும் வெந்திதாத் நூல்: மாதவிலக்கான பெண் நெருப்பிலிருந்து பதினைந்து தப்படி விலகியிருக்க வேண்டும் என்கிறது அது. 'வீட்டுக்குத் தூரம்' என்று பெண்ணைத் தனியே உட்காரவைக்கும் வழக்கத்தை இன்னும் முழுதாக விடாத தமிழகக் கிராமங்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது. பாரசீகத்தைப் பின்னர் ஆண்ட சாசானியர் காலத்தில் பொரான், அசர்மிதுக்த் என்ற இரு சகோதரிகள் கி.பி. 630-ஐ ஒட்டி அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள். அதே காலச் சட்டமோ, ஆண் வாரிசின்றி இறந்தவனின் மகள் தன் பிள்ளையைத் தந்தையின் வாரிசாகவே பெற்றுத்தர வேண்டும் என்றது.

இந்தியாவுக்கு வந்த பார்சிகள் பெண்ணுரிமையில் அண்டை அயலாரைவிட வெகுதூரம் முன்னே போனார்கள். நவ்ஜோத் சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒன்றே. சுத்ரா என்னும் புனித உள்ளாடையும் குஸ்தி என்னும் இடுப்புக் கயிறும் இருவருக்கும் உண்டு. ஒரு துணை உயிரோடிருக்க மறுமணம் கூடாது என்று 1865-லேயே பார்சித் திருமணச் சட்டம் விதித்தது. இந்துக்களுக்கு அந்தத் தடை நாடு முழுவதும் வந்தது 1955-இல். சொத்துரிமைதான் மெதுவாக நகர்ந்தது: 1865-இல் மகனின் பங்கில் கால்பாகம், 1939-இல் அரைப்பாகம், 1991-இல் சரிபங்கு என மகளின் உரிமை வளர்ந்தது. தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இரண்டு ஆண்டு மூத்தது.

தொடக்கத்தில் சொன்ன மணவிதிக்கு இன்றைய வடிவம் தந்தது பம்பாய் உயர் நீதிமன்றம். அந்த வழக்கு டாட்டா குடும்பத்திலிருந்து எழுந்தது. அந்தக் குடும்பத்தின் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1902-இல் சூசான் பிரியேர் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு அவருக்கு நவ்ஜோத் நடந்தது. இப்படிச் சமயம் மாறி வந்தவருக்குக் கோயிலிலும், இறந்தோரை வைக்கும் அமைதிக் கோபுரத்திலும் உரிமை உண்டா என்ற கேள்வி பெட்டிட் எதிர் ஜீஜீபாய் வழக்காகியது.

1908-இல் நீதிபதிகள் தாவரும் பீமனும் உரிமை இல்லை என்றார்கள். பார்சி என்பவர் யார் என்று தாவர் தந்த விளக்கத்தில், பார்சித் தந்தைக்கும் பிற சமயத் தாய்க்கும் பிறந்து முறைப்படி நவ்ஜோத் ஆனவர்களுக்கு இடம் கிடைத்தது. பார்சித் தாய்க்கும் பிற சமயத் தந்தைக்கும் பிறந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாய் சூசானுக்கு அடைத்த கதவு மகன் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குத் திறந்தது. வழக்கைத் தீர்க்க இந்த விளக்கம் தேவைப்படவே இல்லை. ஆனால் நூறாண்டுக்கு மேலாகச் சமூகம் இதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரங்கூன் கோயிலுக்குள் பெல்லா என்ற பெண்ணை அனுமதிப்பது பற்றிய வழக்கில், 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் இதே வழியில் சென்றது.

விதிக்குச் சாதகமாகவும் சொல்ல இருக்கிறது. பார்சி அறக்கட்டளைகளின் கையில் குடியிருப்புகள், மருத்துவமனைகள், பெருநிதிகள் இருக்கின்றன. யார் பயனாளி என்பதற்கு வரையறை இல்லாவிட்டால், நிதிக்காக மட்டும் சமயம் மாறுவோர் குவிவார்கள் என்ற அச்சம் 1908-இல் வெறும் கற்பனை அல்ல. மதமாற்றம் செய்யாமல் வாழ்ந்ததே பார்சிகளுக்குப் பெரும்பான்மையோடு பகையில்லாத உறவைத் தந்தது.

ஆனால் இந்த நியாயம் வெளியிலிருந்து வருவோரைத்தான் தடுக்கிறது. உள்ளே பிறந்து நவ்ஜோத் ஆன மகளை ஏன் வெளியேற்ற வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வெளிக்கலப்புதான் கவலை என்றால் மகனின் மணமும் கலப்பே. எண்ணிக்கைக் கணக்கில் விதி தன்னையே தோற்கடிக்கிறது: 1941-இல் 1,14,890 ஆக இருந்த இந்தியப் பார்சிகள் 2011-இல் 57,264. தாமதத் திருமணமும் மணமாகாமை மிகுதியும் குறைந்த பிறப்பும் இச்சரிவுக்கு முதன்மைக் காரணங்கள். 2013 முதல் நடுவண் அரசு 'ஜியோ பார்சி' திட்டத்தால் பிறப்பைக் கூட்ட முயல்கிறது. சமூகமோ பிறந்த பிள்ளைகளில் ஒரு பகுதியைக் கணக்கிலேயே சேர்க்க மறுக்கிறது.

சென்னைக்கு இதில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1910-இல் ராயபுரத்தில் நெருப்புக் கோயில் எழுப்பியது கிளப்வாலா குடும்பம். அக்குடும்பத்து மருமகளாகி இளம் வயதிலேயே கணவரை இழந்த மேரி கிளப்வாலா (1909–1975), பின்னர் பார்சியல்லாத இராணுவ அதிகாரி ஜாதவை மணந்தார். 1952-இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியை நிறுவி, பத்ம விபூஷண் வரை விருதுகள் பெற்ற இவரே தமிழகத்தின் மிகப் பெயர்பெற்ற பார்சிப் பெண். பிற்கால நீதிமன்றத் தர்க்கத்தில் இவர் பார்சியே அல்லர்.

அந்தத் தர்க்கம் 2012-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சிறப்புத் திருமணச் சட்டப்படி ஓர் இந்துவை மணந்த கூல்ருக் குப்தாவின் வழக்கில், மணத்தால் மனைவி கணவனின் சமயத்தில் கலந்துவிடுகிறாள் என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை கருதியது. மனைவிக்குத் தனி ஆளுமை இல்லை என்ற பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் வாடைதான் இதில் அடிக்கிறது. பார்சிகளின் மறைநூலான அவெஸ்தா இதற்குப் பொறுப்பில்லை. 2017 டிசம்பரில், பெற்றோரின் இறுதிச் சடங்கில் கூல்ருக் கலந்துகொள்ள, உள்ளூர்ப் பார்சி அமைப்பான வல்சாட் அஞ்சுமன் உச்ச நீதிமன்றத்தில் சம்மதித்தது. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வு உத்தரவு, இந்தப் பார்சிப் பெண்களின் கேள்வியையும் பெரிய அமர்வின் ஆய்வுக்குரியதாகச் சேர்த்தது.

நீதிமன்றத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பம்பாயின் கண்டிப்பு டெல்லி அஞ்சுமனிடம் இல்லை. ஜரதுஷ்டிர சமயத்தின் தாயகமான ஈரானில், தெஹ்ரானின் மொபெதுகள் (குருமார்) மன்றம் 2011-இல் பெண்களையே மொபெத்யார் என்னும் துணைக் குருமார்களாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் ஒவ்வோர் ஊர் அஞ்சுமனும் தன் அறக்கட்டளை விதிகளைத் தானே கையாள்வதால், எந்த ஊரிலும் தீர்மானம் ஒன்று போதும்.