ரப்சாக்கேயின் பேச்சும் அசீரியனின் நெஞ்சும்

இரண்டாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரத்திலும் ஏசாயா நூலின் 36ஆம் அதிகாரத்திலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் இடம்பெறும் ரப்சாக்கேயின் உரை நம் திருச்சபைகளில் அடிக்கடி வாசிக்கப்படுகிறது; ஆராயப்படுவதோ அரிது. தேவதூஷணம் பேசிய ஒருவன், கலங்கிய ஓர் அரசன், அவனுடைய ஜெபம், ஓரிரவில் வந்த விடுதலை என நான்கு தலைப்புகளில் அருளுரை முடிந்துவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தவன். ஆனால் பகைவனின் பேச்சைத் திருமறை ஆசிரியர் இத்துணை விரிவாக, அதன் வாதத்திறன் சிறிதும் குன்றாதபடி காத்து வைத்தது ஏன் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. பகைவனை இழித்துரைப்பது மட்டுமே நோக்கமாயின் ஒரு வரி போதுமே. படையெடுத்து வருகிறவன் தன் படையெடுப்புக்குக் கூறும் காரணத்தை எப்படி வாசிப்பது என்பதே இப்பகுதியின் உள்ளே கிடக்கும் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பின்னணி. கி.மு. 705இல் அசீரிய மன்னன் சர்கோன் போர்க்களத்தில் மடிந்தான். அவன் உடலும் மீட்கப்படவில்லை. பேரரசன் ஒருவன் இவ்வாறு வீழ்ந்த செய்தி பரவியதும் அடங்கிக் கிடந்த நாடுகள் பல கிளர்ந்தெழுந்தன. பாபிலோனில் மெரோதாக் பலாதான் மீண்டும் அரியணை ஏறினான். மேற்கே எசேக்கியா அசீரிய நுகத்தை உதறினான். அசீரியாவுக்கு உண்மையாயிருந்த எக்ரோன் அரசன் எருசலேமில் சிறைவைக்கப்பட்டிருந்தான் என்பது சனகெரிபின் பட்டயங்களால் தெரியவருகிறது. எகிப்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலை பெலிஸ்திய நகரங்கள் வழியே செல்வது. அதன்மீது கண் வைக்கத்தக்க மலைநாடு யூதா. ஆகவே கி.மு. 701இல் சனகெரிப் மேற்கு நோக்கி வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. புதிய அரசனின் மதிப்பு, நின்றுபோன கப்பம், சாலையின் பாதுகாப்பு, எகிப்தைப் பற்றிய அச்சம் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். இவற்றை அறிந்துகொள்வது சனகெரிபுக்கு வக்காலத்து வாங்குவதாகாது. அவனைப் பித்தன் என்று ஒதுக்கிவிட்டால் ஏசாயாவின் அரசியல் எச்சரிக்கைகளில் பாதி நமக்கு விளங்காது.

இனி உரைக்கு வருவோம். ரப்சாக்கே என்பது இயற்பெயரன்று. பானபாத்திரக்காரரின் தலைவனைக் குறிக்கும் அரசவைப் பட்டம். அவன் வந்து நிற்குமிடம் வண்ணார் நிலத்துக்குச் செல்லும் வழியில் மேற்குளத்துக் கால்வாயருகே உள்ளது. ஏசாயா ஆகாசைச் சந்தித்து அஞ்சாதிருக்கச் சொன்னதும், ஆகாஸ் அதைக் கேளாமல் அசீரியனைத் துணைக்கு அழைக்கத் துணிந்ததும் இவ்விடத்தையொட்டியே கூறப்படுகின்றன (ஏசாயா 7). அழைக்கப்பட்ட துணைவனின் தூதனே இன்று முற்றுகையாளனாக அங்கே நிற்கிறான்.

அவன் யூத மொழியில் பேசுகிறான். சீரிய மொழியில் பேசும்படி அதிகாரிகள் மூவரும் வேண்டியும் மறுத்துவிடுகிறான். மதிலின்மேல் இருப்பவர்களுக்காகவே வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லுகிறான். இங்கேயே உரையின் தன்மை விளங்கிவிடுகிறது. எசேக்கியாவுக்குச் செய்தி என்று தொடங்குவது எசேக்கியாவை அவன் மக்களிடமிருந்து பிரிப்பதற்கான பேச்சு. ஆகவே இவ்வுரையிலிருந்து சனகெரிப் என்ன விரும்பினான் என்பதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. மதிலின்மேல் நின்றவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதைக் குறித்து முணுமுணுத்தார்கள் என்று அசீரியர் கணித்திருந்தனர் என்பதை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும்.

இது எபிரேய ஆசிரியரின் கற்பனையே என்று கூறுவோர் உண்டு. உரையின் சொல்லாட்சியில் ஆசிரியரின் கைவண்ணம் இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இம்முறை அசீரியர் கையாண்டதே. 1952இல் நிம்ரூத்தில் கண்டெடுக்கப்பட்டு 1955இல் ஸாக்ஸ் என்னும் அறிஞரால் வெளியிடப்பட்ட கடிதம் ஒன்றில், மூன்றாம் திக்லாத்பிலேசரின் அதிகாரிகள் பாபிலோனின் வாயிலருகே நின்று, கலகத் தலைவனைக் கைவிடுமாறு நகரத்தாரிடம் வாதாடியதைத் தம் அரசனுக்கு அறிவிக்கின்றனர். வாளுக்கு முன் வாயை அனுப்புவது அப்பேரரசின் வழக்கம் போலும்.

உரையின் உள்ளடக்கத்தை நோக்கினால் வியப்பு மிகும். எகிப்தை நம்பாதே, அது கையைக் குத்தும் நாணல் என்கிறான், இது உண்மை. ஏசாயாவும் 30, 31ஆம் அதிகாரங்களில் எகிப்தைப் பற்றி இதனினும் கடுமையாகவே பேசியிருக்கிறார். எசேக்கியா மேடைகளை அகற்றினானே, அந்தக் கர்த்தரையா நம்புகிறீர்கள் என்று கேட்கிறான். இது தவறான விளக்கம் என்று உபாகம இறையியலில் பயின்ற நாம் உடனே கூறிவிடுவோம். ஆனால் மதிலின்மேல் நின்றவர்களுள் அகற்றப்பட்ட மேடைகளில் தலைமுறைதோறும் பலியிட்டு வந்த ஊரார் இருந்திருக்க மாட்டார்களா? நம் ஊரில் ஒரு சிற்றாலயத்தை மூடி மக்களைப் பேராலயத்துக்கு வரச்சொன்னால் எத்தனை ஆண்டு முணுமுணுப்பு நிலைக்கும் என்பதை எந்த ஆயரும் அறிவார். ரப்சாக்கே அந்தப் புண்ணின்மேல் விரலை வைக்கிறான்.

கர்த்தரே என்னை அனுப்பினார் என்ற அவனுடைய வாதம் இன்னும் கடினமானது. இதைப் பச்சைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. ஏனெனில் அசீரியா கர்த்தரின் கோபத்தின் கோல் என்று உரைத்தவர் ஏசாயாவேயாவார். தீர்க்கதரிசியின் செய்தியைப் பகைவன் தன் வாயில் எடுத்துக்கொள்ளுகிறான்! மெய்யான இறைவாக்கு பொய்யான வாயில் அமரும்போது அது என்னவாகிறது என்பது வேதாகம மாணாக்கர் நின்று சிந்திக்கத்தக்க இடம்.

பிறகு வருகிறது வாக்குறுதி. சரணடைந்தால் அவரவர் தம் திராட்சைக்கொடியின் கனியையும் அத்திமரத்தின் கனியையும் புசிக்கலாம். பின்னர் இதே போன்ற வளமான நாட்டுக்கு உங்களை அழைத்துச் செல்வேன். பேச்சின் ஓட்டத்தில் அந்தப் பிற்பகுதி காதில் விழாமலே போய்விடும். நாடு கடத்துதல் அங்கே குடியேற்றம் என்ற பெயரில் வருகிறது. ரப்சாக்கே லாகீசிலிருந்து வந்தவன் என்பதை ஆசிரியர் கூறியிருக்கிறார். லாகீசில் நடந்ததைச் சனகெரிபே நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அச்சிற்பப் பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளுடன் குடும்பங்கள் வெளியேறுகின்றன. கழுவிலேற்றப்பட்டவர்கள் நகர மதிலருகே தொங்குகிறார்கள். உயிரோடு தோலுரிக்கப்படுகிறவர்களும் உண்டு. அரியணையில் அமர்ந்து அரசன் பார்வையிடுகிறான். திராட்சைக்கொடியும் அத்திமரமும் பற்றிய பேச்சுக்கு அதுவே விளக்கவுரை.

சனகெரிபின் களிமண் பட்டயங்களுள் டெய்லர் பட்டயம் என வழங்கும் ஒன்று அரணுள்ள 46 நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 மக்களைக் கொள்ளைப்பொருளாகக் கணக்கிட்டதாகவும், எசேக்கியாவைக் கூட்டிலிட்ட பறவையைப்போல அடைத்ததாகவும் கூறுகிறது. கப்பம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கிறது. இராஜாக்களின் நூலோ பொன்னில் உடன்பட்டு, வெள்ளியை 300 தாலந்து என்கிறது. மக்கள் தொகையும் மிகைப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். இதுவும் பிரசாரமே, ஐயமில்லை. ஆனால் இதைக் கேட்பவர்கள் வேறு. இத்தகைய பட்டயங்கள் தேவர்களுக்கும் வருங்கால அரசர்களுக்கும் என்று எழுதப்பட்டவை. ஆகவே அங்கே யூதாவின் நலனைப் பற்றியோ, எசேக்கியாவால் ஏமாற்றப்பட்ட ஏழை மக்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. ஒருவன் தன் மதிலுக்குள்ளே பேசுவதையும் பிறர் மதிலருகே பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று நான் மாணாக்கருக்குச் சொல்வதுண்டு.

ஏசாயா இதைச் செய்திருக்கிறார். 10ஆம் அதிகாரத்தில் அவர் அசீரியனின் வாயில் ஓர் உரையை வைக்கிறார். அது மதிலருகே பேசப்பட்டதன்று, நெஞ்சுக்குள் பேசப்பட்டது. அதில் கர்த்தர் அனுப்பினார் என்ற பேச்சே இல்லை. கர்கேமிஸ், ஆமாத், அர்பாத், சமாரியா என்று விழுந்த நகரங்களின் பட்டியல் இருக்கிறது. என் கையின் பலத்தாலும் என் ஞானத்தாலும் செய்தேன் என்ற செருக்கு இருக்கிறது. ஜனங்களின் எல்லைகளை அகற்றியதும் கருவூலங்களைச் சூறையாடியதும் இருக்கின்றன. தாய்ப்பறவை விட்டுப்போன கூட்டிலிருந்து முட்டைகளைப் பொறுக்குவதுபோல் பூமியையே வாரிக்கொண்டதாக அவன் எண்ணிக்கொள்ளுகிறான். பகைவனை இத்துணை நெருங்கி அறிந்து, அவனுக்காகத் தன்மையிலேயே பேசக்கூடிய தீர்க்கதரிசி, அவ்வுரையை ‘ஐயோ’ என்ற சொல்லின்கீழ் வைக்கிறார். அசீரியன் கடவுளின் கருவி என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் அவன் அவ்வாறு நினைக்கவில்லை, அவன் நெஞ்சிலிருப்பது அழிவே என்று வேறு பிரித்துக் காட்டுகிறார். கருவியாய் இருப்பது வேறு, கட்டளை பெற்றவன் என்று உரிமை பாராட்டுவது வேறு. ரப்சாக்கே இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறான், ஏசாயா பிரிக்கிறார்.

இந்தப் பிரிவினையைக் கற்றறிந்த இறையியலாரும் தவறவிட்டதுண்டு. 1914 ஆகஸ்டு 4இல் ஜெர்மானிய முதலமைச்சர் பெத்மான் ஹோல்வெக் தம் நாட்டு மன்றத்திலே பெல்ஜியத்துக்குள் நுழைந்தது அநீதியே என ஒப்புக்கொண்டு, படைத்துறைத் தேவையைக் காரணமாகக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் அறிஞர் 93 பேர் வெளியிட்ட அறிக்கையோ பெல்ஜியத்தின் நடுநிலையை மீறியதாகக் கூறுவது உண்மையன்று என்றது. கையொப்பமிட்டவர்களுள் ஹார்னாக், ஹெர்மான், ஷ்லாட்டர், டைஸ்மான் ஆகியோர் உண்டு. அரசியல்வாதி ஒப்புக்கொண்டதை வேதசாஸ்திரிகள் மறுத்தனர்! சுவிட்சர்லாந்தில் ஸாஃபன்வில் ஊரில் போதகராயிருந்த கார்ல் பார்த், தம் ஆசிரியர்கள் போரை ஏற்றுக்கொண்டதைக் கண்டு அவர்களுடைய இறையியலிலேயே நம்பிக்கை இழந்தார் என்பதை நம் மாணாக்கர் அறிவர். ஹார்னாக் தம் நாட்டின் அச்சங்களைப் புரிந்துகொண்டது குற்றமன்று. அச்சத்திலிருந்து பிறந்த கதையைச் சான்றாகக் கொண்டதே குற்றம்.

நம் காலத்திலும் அவ்வாறே. 2022 பிப்ரவரி 24இல் உக்ரைனுக்குள் படை அனுப்பியபோது ரஷ்ய அதிபர், அந்நாட்டின் நிலப்பகுதிகளைக் கைப்பற்றும் திட்டம் இல்லை என்றும், நாசிசத்தை ஒழிப்பதும் படைக்கலம் களைவதுமே நோக்கம் என்றும் கூறினார். மேற்கத்திய படைக்கூட்டணி விரிந்தது பற்றிய அச்சமும் சொல்லப்பட்டது. அந்த அச்சம் முற்றிலும் கற்பனை என்று நான் கூறமாட்டேன். ஆனால் 2021 ஜூலையில் அவர் வெளியிட்ட கட்டுரை இரு மக்களும் ஒரே மக்கள் என வாதிட்டது. 2022 ஜூனில் அவர் மகா பீட்டர் நிலங்களை மீட்டதைத் தமக்கு எடுத்துக்காட்டாகப் பேசினார். செப்டம்பர் 30இல் நான்கு மாகாணங்களை இணைத்துக்கொண்டதாக அறிவித்தார். ஜனங்களின் எல்லைகள் அகற்றப்பட்டன. மாஸ்கோ முதுபெரும் தலைவர் கிரில் அப்போருக்கு ஆன்மிகப் பொருள் கற்பித்து அருளுரை ஆற்றினார். அதே மார்ச் மாதத்தில் ஆர்த்தடாக்ஸ் இறையியலார் பலர் ‘ரஷ்ய உலகம்’ என்னும் போதனையைக் கண்டித்து அறிக்கை விடுத்ததும் குறிப்பிடத்தக்கது. மேற்கத்தியர் இதற்கு விலக்கென எண்ண வேண்டாம். நினிவேயின் மேடுகள் கிடக்கும் ஈராக்குக்குள் 2003இல் பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டிப் படைகள் நுழைந்தன; அவ்வாயுதக் குவியல்கள் கிடைக்கவில்லை.

போரைப் பற்றி மன்றாட்டு ஏறெடுக்கும் ஆயர்களிடம் இரண்டு வழுக்கல்களைக் காண்கிறேன். சிலர் படையெடுத்தவன் சொன்ன காரணத்தையே அவனுடைய உள்நோக்கமாக ஏற்று, அதனை நடுநிலை என்று அழைக்கின்றனர். வேறு சிலர் அவனைச் சாத்தான் என்று கூறியவுடன் சிந்தனைக்கு வேலையில்லை என்கின்றனர். முன்னவர் மதிலருகே நடந்த பேச்சை மட்டும் கேட்டவர்கள். பின்னவர் எதையுமே கேளாதவர்கள்.

எசேக்கியா மக்களை மறுமொழி கூறாதிருக்கும்படி கட்டளையிட்டான். இதை அறிவுக்கு இடப்பட்ட தடையாகக் கொள்ளலாகாது; மதிலின்மேல் நின்று வாதாடுவது ரப்சாக்கே விரித்த வலையில் விழுவதாகும். அரசன் வாதத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோனான். பின்னர் வந்த நிருபத்தை வாங்கி வாசித்தான். ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். அவனுடைய ஜெபம் ஒரு நல்ல திறனாய்வு. அசீரிய அரசர் அந்த நாடுகளைப் பாழாக்கியது மெய்தான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுகிறான். அவர்களுடைய தேவர்களை நெருப்பில் போட்டதும் மெய் என்கிறான். அவை தேவர்கள் அல்லவே என்று அதன்பின் கூறுகிறான். செய்தியை ஏற்று முடிவை மறுக்கிறான்.

ஆனால் இதே எசேக்கியா மற்றொரு நிருபத்தை இவ்வாறு வாசிக்கவில்லை. மெரோதாக் பலாதான் அனுப்பிய தூதர் மிரட்டவில்லை. நலம் விசாரித்து வெகுமதியுடன் வந்தனர். அவர்களுக்குக் கருவூலம் முழுவதையும் திறந்து காட்டினான். ஏசாயா வந்து, அந்த மனிதர் என்ன சொன்னார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டார். பாபிலோனிலிருந்து என்று இரண்டாம் கேள்விக்கு விடையளித்தான். என்ன பார்த்தார்கள் என்று கேட்டபோது எல்லாவற்றையும் என்றான். என்ன சொன்னார்கள் என்ற முதற்கேள்விக்கு அவன் விடை கூறியதாக இரு நூல்களிலும் இல்லை.