சுட்டவனுக்கு ஒரு சலாம்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை அண்ணாந்து பார்த்து வாய் பிளந்திருப்பீர்கள். சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு. ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த இடம். தோண்டினால் செங்கல் சுவர், கூரை ஓடு. எல்லாம் சூளையில் வெந்த மண்! கல்லைச் செதுக்கியவனுக்குத் தரும் மரியாதையில் கால்வாசியாவது மண்ணைச் சுட்டவனுக்குத் தருகிறோமா?

புறநானூறு 228-வது பாட்டும் இந்த ஓரவஞ்சனையிலிருந்து தப்பவில்லை. இறந்துபோன கிள்ளிவளவனுக்குத் தாழி கேட்கிறார் ஐயூர் முடவனார். சூளைப் புகையை என்னமாய்க் காட்டுகிறார்! ஆனால், குயவரிடம் கடைசியில் கேட்பது, 'வனைய முடியுமா?' என்றுதான். 'சுட முடியுமா?' என்று கேட்கவில்லை. ஈரம் போகுமுன் தீயை ஏற்றினால் அத்தனை பெரிய தாழியும் வெடித்துவிடும் சார்! விறகை எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது... வித்தையே அங்கேதான்.

அரியலூர்ப் பக்கம் போனால் மேட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆயிரம் வருஷ மழையில் கரையாத செங்கல் அங்கே இருக்கிறது.