ருசியப் பழமொழிகளும் ஆங்கில நிகரன்களும்: தமிழ் மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தமிழில் வெளிவந்த ருசிய இலக்கியம் இரு வழிகளில் நம்மை வந்தடைந்தது. பூ. சோமசுந்தரம் போன்றோர் ருசிய மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்தது ஒரு வழி. தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலைப் பெயர்த்தது போல ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் வந்த நூல்களே மிகுதி. கதையோட்டமும் கருத்தும் இவ்வழியில் பெரிதும் சிதையாமல் வந்து சேர்ந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழமொழிகளும் மரபுத்தொடர்களும் அவ்வாறு வரவில்லை. காரணம் வெளிப்படை. ஆங்கிலப் பெயர்ப்பாளர் பழமொழியைப் பெரும்பாலும் பெயர்ப்பதில்லை. அதனிடத்தில் ஓர் ஆங்கிலப் பழமொழியை வைக்கிறார். தமிழ்ப் பெயர்ப்பாளர் பின்னர்ப் பெயர்ப்பது அந்த ஆங்கிலப் பழமொழியைத்தான்.

இந்த 'நிகரன்' முறை தமிழுக்கு எவ்வளவு பயன்படுகிறது, எங்கே வழிதவறச் செய்கிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டுக்குத் தமிழோடு மராத்தியும் இந்தியும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதித் தமிழர் இம்மூன்று மொழிகளின் வழக்குகளையும் நாள்தோறும் கேட்டு வாழ்பவர்கள். ஆகவே நிகரன் என்னும் கருத்தைச் சோதித்துப் பார்க்க அவர்களது மொழிச்சூழல் ஏற்றதாகும்.

2. தொகுப்புகளும் கோட்பாடும்

விளதீமிர் தால் 1862இல் வெளியிட்ட 'ருசிய மக்களின் பழமொழிகள்' முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளைப் பொருள்வாரியாகத் தொகுத்தது. தமிழில் பீட்டர் பெர்சிவலின் தொகுப்பு 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. எர்மன் ஜென்சனின் பொருள்வாரித் தொகுப்பு 1897இல் வந்தது. மராத்திக்கு மேன்வாரிங்கின் தொகுப்பு 1899இல் வெளிவந்தது. இந்திய மொழித் தொகுப்புகளான இம்மூன்றும் ஆங்கில விளக்கத்தோடு அமைந்தவை என்பது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் வழியே தம் பழமொழியைப் பார்க்கும் பழக்கம் தமிழ்ப் பெயர்ப்பாளர்க்குப் புதிதன்று.

கோட்பாட்டளவில் மூவர் இங்கு நினைக்கத்தக்கவர். ருசியச் சொற்றொடரியலில் விநகிராதவ், பொருள் முற்றிலும் உறைந்து போன தொடர், படிமம் இன்னும் உயிரோடுள்ள தொடர், ஒரு சொல் மட்டுமே கட்டுண்ட தொடர் என மூவகை கண்டார். பெர்மியாகவ், பழமொழியை ஒரு சூழலின் குறியாகக் கொண்டு, அதன் மொழியமைப்பு, தருக்க அமைப்பு, பயின்றுவரும் பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே நோக்க வேண்டும் என்றார். யூஜின் நைடா வடிவ நிகர்மைக்கும் பயன்நிகர்மைக்கும் இடையே வேறுபாடு காட்டினார். நிகரன் அகராதிகள் பெரும்பாலும் நைடாவின் இரண்டாம் கருத்தை மட்டும் பற்றிக்கொண்டு, முன்னிருவர் சொன்னதை விட்டுவிடுகின்றன. பின்வரும் சான்றுகள் இதனைக் காட்டும்.

3. ஊர்ப்பெயர் மாற்றம்

'மாஸ்கோ ஒரே மூச்சில் கட்டப்படவில்லை' என்பது ருசிய வழக்கு. இதற்கு ஆங்கில நிகரன் ரோமாபுரியைப் பற்றியது. அதனைப் பெயர்த்தால், மாஸ்கோவில் வாழும் கதைமாந்தர் தம் நகரை விட்டுவிட்டு ரோமாபுரியைச் சான்று காட்டுவர். 'பிறர் மடத்துக்குத் தன் விதியைக் கொண்டு போகாதே' என்ற வழக்குக்கும் ஆங்கிலம் ரோமாபுரியையே தருகிறது. இரண்டு வெவ்வேறு ருசியப் பழமொழிகள் தமிழில் ஒரே ஊரில் வந்து நிற்கின்றன.

'தூலா நகருக்குத் தன் சமோவாரோடு போவாரில்லை' என்பது மூன்றாவது சான்று. தூலா சமோவார் செய்யும் ஊர். ஆங்கிலம் இங்கே நியூகாசில் நிலக்கரியைத் தருகிறது. இந்தி மூங்கிலைப் பரேலிக்கு அனுப்புகிறது. தமிழில் 'கொல்லன் தெருவில் ஊசி விற்றாற்போல' என்பது பழைய வழக்கு. 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்பது பிற்கால வழக்கு. நெல்லையிலிருந்து குடியேறியோர் மிகுந்த தாராவியில் பின்னது எளிதில் வாயில் வரும். ஆயினும் ருசிய உழவர் வாயில் நெல்லை அல்வாவை வைப்பது, நியூகாசில் நிலக்கரியை வைப்பதைக் காட்டிலும் எவ்வகையிலும் சிறந்ததன்று. ஊர்ப்பெயர் இல்லாத கொல்லன் தெருவே இங்குப் பொருந்தும். இதிலிருந்து ஒரு விதி பெறலாம்: பெறுமொழியின் இடப்பெயர் தாங்கிய பழமொழி நிகரனாகாது, இடப்பெயர் தாங்காதது ஆகலாம்.

4. உணவுப் பெயர் மாற்றம்

'காஷாவை வெண்ணெய் கெடுக்காது' என்பது ருசியர் வீட்டு வழக்கு. காஷா என்பது தானியத்தைக் குழைய வேகவைத்த உணவு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லைத் தமிழகராதியில் தேடினால் 'கஞ்சி' என்று கிடைக்கும். கஞ்சியோ தமிழர்க்கு ஏழ்மைக்கும் நோய்க்கும் உரியது. அதில் வெண்ணெய் இடுவார் இலர். நேரடியாக நோக்கின் காஷா பொங்கலுக்கு நெருங்கியது. பொங்கலில் நெய் கூடியதென்று எவரும் குறை சொல்லார். இடைமொழியால் ஒரு சொல் இடம்மாறியதும் பழமொழியே பொருளற்றுப் போவதை இங்குக் காண்கிறோம். ஆங்கில நிகரனின் கருத்தை மட்டும் எடுத்துத் தமிழில் பழமொழி தேடினாலும் இடர் உண்டு. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பதே முதலில் நினைவுக்கு வரும். அது இதற்கு நேர்மாறானது.

'முதல் பிளீனி கட்டியாகும்' என்பது மற்றொன்று. பிளீனி என்பது கல்லில் வார்க்கும் மெல்லிய அப்பம். தொடக்க முயற்சி பிழைபட்டால் வருந்தாதே என்பது கருத்து. ஆங்கில அகராதிகள் பல இதற்கு முயற்சியையும் பயிற்சியையும் பற்றிய அறிவுரைகளை நிகரனாகத் தருகின்றன. ருசிய வழக்கில் உள்ள ஆறுதல் அவற்றில் அறிவுரையாகி விடுகிறது. தமிழில் இதற்கு நிலைபெற்ற பழமொழி இல்லையே என்று பெயர்ப்பாளர் தயங்க வேண்டுவதில்லை. மாட்டுங்காவின் உணவுவிடுதியிலும் செம்பூரின் அடுக்களையிலும் முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அறியாதார் இல்லை. 'முதல் அப்பம் கல்லோடு போகும்' என்று பெயர்த்தால் அடிக்குறிப்பின்றியே விளங்கும். பெறுமொழியில் பழமொழி உண்டா என்பதைக் காட்டிலும், பெறுமொழியாளர் வாழ்வில் அந்த அடுப்பு உண்டா என்பதே முதற்கேள்வியாக வேண்டும்.

5. உறுப்புப் பெயர் மாற்றம்

ஒருவனை நம்பச் செய்து ஏய்ப்பதை ருசியர் பேச்சுவழக்கில் 'காதில் சேமியாவைத் தொங்கவிடுதல்' என்பர். ஆங்கில நிகரன் கண்ணைக் கம்பளியால் மறைத்தல். இதன் வழி வரும் தமிழ்ப் பெயர்ப்பாளர் 'கண்ணில் மண் தூவுதல்' என்று எழுதுவார். அது பிழையென்று எவரும் சுட்டவும் மாட்டார். ஆனால் தமிழில் 'காதில் பூச்சுற்றுதல்' என்ற வழக்கு உண்டு. உறுப்பும் ஒன்று, உறுப்பில் ஏற்றப்படும் பொருள் பொருந்தாததாக இருப்பதும் ஒன்று, ஏமாறுபவனின் கோலம் நகைப்புக்கு இடமாவதும் ஒன்று. மும்பை இந்தியில் 'தொப்பி அணிவித்தல்' என்னும் தொடரும் இக்கோல நகைப்பையே கொண்டது. ருசியமும் தமிழும் இவ்வளவு நெருங்கி நிற்க, ஆங்கிலம் இடையில் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது.

சிறியதைப் பெரிதாக்கிக் கூறுவதை ருசியர் 'ஈயை யானையாக்குதல்' என்பர். ஆங்கிலத்தில் அகழெலி கிளறிய மண்மேடு மலையாகிறது. மராத்தியிலும் இந்தியிலும் கடுகு மலையாகிறது. தமிழில் 'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல்' உண்டு. உயிரினம் உயிரினமாகவே வளர்வதில் ருசியமும் தமிழும் தொடக்கத்தில் ஒத்திருப்பினும், தமிழ் வழக்கு இறுதியில் தெய்வத்தைத் தொடுவதால் வேறு நகைச்சுவையைப் பெறுகிறது. ஆகவே தமிழிலுள்ள எதுவும் தானாகவே பொருந்தும் என்றும் கொள்ள இயலாது. இவ்விடத்தில் 'ஈயை யானையாக்காதே' என்று நேரே பெயர்ப்பதே தக்கது.

6. உறவுமுறைச் சொற்கள்

நடவாததைக் கற்பனை செய்வோரை மறுக்க, 'பாட்டிக்குத் தாடி இருந்தால் தாத்தா ஆகியிருப்பாள்' என்பர் ருசியர். தமிழில் 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா'. மராத்தியிலும் ஆத்யாவுக்கு மீசை இருந்தால் காகா. தமிழ் அத்தையும் மராத்தி ஆத்யாவும் தந்தையின் உடன்பிறந்தாளையே குறிக்கின்றன. சித்தப்பாவும் காகாவும் தந்தையின் உடன்பிறந்தானையே குறிக்கின்றன. அந்த உறவில் பால் ஒன்றை மட்டும் மாற்றும் தருக்கம் இரு மொழிக்கும் பொது. வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தியும் கேட்கும் தாராவிச் சிறுவன் இதனை இலக்கணம் இன்றியே அறிவான். ருசியமோ கணவன் மனைவி இணையைக் கொண்டு அதே தருக்கத்தை நிறுவுகிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான பழமொழி உண்டு. ஆனால் அதிலுள்ள பெண்பாற் சொல் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி அனைவரையும் குறிக்கும். அதனைப் பெயர்க்கும் தமிழர் இந்நால்வருள் ஒருவரைத் தேர வேண்டும். மாமியைத் தேர்ந்து சித்தப்பாவோடு இணைத்தால் தருக்கம் குலையும். இடைமொழியில் உறவுச்சொல் வேறுபாடு குறைவாக இருப்பதன் விளைவு இது.

7. மறுப்பும் வரம்பும்

ஆங்கில நிகரன் எப்போதும் தீங்கு செய்கிறது என்பது நம் கூற்றன்று. மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பதும், ஆப்பிள் தன் மரத்தினின்று தொலைவில் விழாது என்பதும் ஐரோப்பிய மொழிகளின் பொதுச்செல்வம். அங்கே ஆங்கிலம் ருசியத்தை மறைப்பதில்லை. மேலும், ஆங்கிலப் பெயர்ப்பாளருள் சிறந்தோர் தாமே நிகரன் முறையைத் தவிர்த்துள்ளனர். தல்ஸ்தோயின் 'இருளின் ஆட்சி' நாடகத்துக்கு (1886) 'நகம் ஒன்று சிக்கினால் பறவையே போம்' என்ற பழமொழி துணைத்தலைப்பு. சிறு தவற்றில் தொடங்கிக் கொலை வரை இழுபடும் நிக்கீத்தாவின் கதையே அந்த நகம். மாட் இணையர் ஆங்கிலத்தில் இப்படிமத்தை அப்படியே காத்தனர். வேறொரு பழமொழியை வைத்திருந்தால் நாடகத்தின் திறவுகோல் தொலைந்திருக்கும். அதே காலத்துக்கு முற்பட்ட அஸ்திரோவ்ஸ்கியின் 1868ஆம் ஆண்டு நாடகத் தலைப்போ, அறிஞன் எவனிடமும் போதிய அறியாமை உண்டு என்பது. அதற்கு 'யானைக்கும் அடி சறுக்கும்' தயக்கமின்றிப் பொருந்தும். பழமொழி நூலின் கட்டுமானமாக நிற்கிறதா, உரையாடலில் கடந்து போகிறதா என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

ஓசையும் கருதத்தக்கது. 1987 டிசம்பர் 8இல் ஏவுகணை உடன்படிக்கையில் கையொப்பமிடும்போது அமெரிக்க அதிபர் ரேகன், 'தவிர்யாய் நோ ப்ரவிர்யாய்' என்ற ருசியப் பழமொழியைச் சொன்னார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்கள் என்றார் கர்பச்சோவ். ஆங்கிலப் பெயர்ப்பில் கருத்து உண்டு, இயைபு இல்லை. மோனையை இயல்பாகக் கொண்ட தமிழ், 'நம்பு. நாடியும் பார்' என ஓசையின் ஒரு பகுதியையேனும் மீட்க வல்லது.

8. நிகரனும் வாழ்நிலையும்

மடத்து விதி பற்றிய பழமொழிக்கு மீண்டும் வருவோம். மராத்தியில் 'தேஷ் தசா வேஷ்', அதாவது நாட்டுக்கேற்ற வேடம், இதன் நிகரனாகக் கருதப்படும். தமிழில் 'பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டம் நமக்கு'. மூன்றும் ஒரே கருத்தெனத் தோன்றினும் பேசுபவர் நிற்கும் இடம் வேறு. ருசியப் பழமொழி விருந்தினனைத் தடுக்கிறது. மராத்திப் பழமொழி வந்தவனின் தோற்றம் மாற வேண்டும் என்கிறது. தமிழ்ப் பழமொழி வந்தவனின் வாயிலிருந்தே பிறக்கிறது. பழகிக்கொள்வதோடு நிற்காமல் நல்ல பங்கையும் கேட்கிறது.

1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்க்கு எதிராகக் குரல் எழுந்த மும்பையில், இம்மூன்றுள் எதை யார் யாரிடம் சொல்வது என்பது வெறும் சொல்லாட்சிச் செய்தியாக இருந்திருக்க இயலாது. முதலிரண்டும் வந்தவர்க்குச் சொல்லப்படுவன. மூன்றாவது வந்தவர் சொல்வது. நிகரன் அகராதி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பழமொழி சூழலின் குறி என்றால், சூழலில் பேசுவோன், கேட்போன் ஆகிய இருவரும் அடங்குவர் என்பதைப் பெயர்ப்பாளர் மறத்தலாகாது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெயர்ப்பாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு எனலாம். தருமொழிப் படிமம் பெறுமொழியாளர்க்குத் தானே விளங்குமா? விளங்குமாயின் நேரே பெயர்க்க. பழமொழி நூலின் அமைப்போடு பிணைந்துள்ளதா? பிணைந்திருப்பின் படிமத்தை மாற்றற்க. பெறுமொழி நிகரன் இடப்பெயரோ தனிச்சமயப் பெயரோ தாங்கியுள்ளதா? தாங்கியிருப்பின் விலக்குக. பேசுவோன் நிலை இரண்டிலும் ஒன்றா? அன்றெனின் நிகரன் அன்று.

இனி வர வேண்டிய ருசிய - தமிழ் மரபுத்தொடர் அகராதி, ஆங்கிலத் தலைச்சொல்லின்றிச் சூழலை அடிப்படையாகக் கொண்டு அமைய வேண்டும். அதில் மராத்தி, இந்தி வழக்குகளும் இடம்பெறின் நலம். அதற்கான தரவு நூலகத்தில் மட்டும் இல்லை. தாராவித் தெருக்களில் நாள்தோறும் பேசப்படுகிறது. அதனைக் கேட்டு எழுதும் பணி மொழியியலார்க்கு உரியது. அப்பணி நிறைவேறின், மாஸ்கோவிலிருந்து தமிழுக்கு வரும் பழமொழி ரோமாபுரியைச் சுற்றி வர வேண்டிய தேவை இராது.