மாயூரத்தில் ஒரு ரூம்

மயிலாடுதுறையில் நண்பரின் மகளுக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். பி.எச்.டி. சேர்ந்திருக்கிறாள். அவள் கேட்டது மூன்றே விஷயம்: கல்லூரிக்குப் பக்கம், கையைக் கடிக்காத வாடகை, சத்தமில்லாத ஜன்னல். முதல் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம். இரண்டாவது வீட்டின் கீழே வெல்டிங் பட்டறை. மூன்றாவது நல்ல வீடு. கொல்லையில் கிணறு, கொய்யா மரம். வீட்டுக்கார அம்மா இன்டர்வியூவை ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்லீங்க, பி.எச்.டி. பண்றேன்."

"அது எப்ப முடியும்?"

"நாலு வருஷம் ஆகுங்க."

"தனியாவா இருப்பே? கவிச்சி சமைப்பியா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"நீங்க என்ன ஆளுங்க?"

கொய்யா மரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் 'என் சரித்திர'த்தை எடுத்தேன். உ.வே.சாமிநாதையர் 1940 முதல் 1942-ல் காலமாகும் வரை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதி, முடிக்காமல் விட்டுப்போன சுயசரிதை. சுவடி தேடி அலைந்த கதை என்றுதான் நாம் எல்லோரும் இதைப் படிக்கிறோம். இந்த முறை வேறு மாதிரி படித்தேன். இந்தப் பையன் எங்கே தங்கினான், எங்கே சாப்பிட்டான், யார் காசு கொடுத்தது? இந்த மூன்று கேள்விகளோடு படித்தால், அது வேறு புத்தகமாகிவிடுகிறது. ஆராய்ச்சி மாணவர்களின் இருப்பிடப் பிரச்னை பற்றி இதைவிட நல்ல நூல் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1871-ல், பதினேழாம் பிராயத்தில், அப்பாவோடு மாயூரம் வருகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் கைடு கிடைத்துவிட்டார். அட்மிஷனில் சிக்கல் இல்லை. சிக்கல் சாப்பாட்டில். பிள்ளை வேளாளர், பையன் பிராமணன். ஆசிரியர் வீட்டில் சாப்பிட முடியாது. 'திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் நான் இருக்கும்போது ஆகாரத்துக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறேன், இந்த ஊரில் என்னால் இயலாது' என்று பிள்ளை கூச்சத்தோடு சொல்லிவிடுகிறார். எப்படியாவது பணம் அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. அவரிடமும் பணம் கிடையாது. சங்கீதம் பாடி, கதாகாலட்சேபம் செய்து பிழைக்கிற குடும்பம்.

இந்தக் காட்சியை உ.வே.சா. எழுதியிருக்கும் விதம்தான் அவருடைய பலம். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து செலவுக்கு வழி பார்க்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ் சினிமாவில் கல்லூரி மாணவனுக்கு பைக் உண்டு, பாட்டு உண்டு, நாலு நண்பர்கள் உண்டு. வாடகை என்கிற வார்த்தை மட்டும் வராது. இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

அமைதியும் வருகிறது. பிள்ளையவர்களுக்கு வீட்டுத் தோட்டத்தில் வைத்த செடிகளின் மேல் அபாரப் பிரியம். விடிகாலையில் எழுந்து புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மாணவர் அவருக்கு முன்பே எழுந்து, தளிர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு காட்டுவார். ஆசிரியரின் பிரியத்தைச் சம்பாதிக்கச் செய்த தந்திரம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புத்தகத்தின் மிக அழகான இடங்களில் ஒன்று. படிப்புக்கு வேண்டிய அமைதி எப்படி இருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிறகு கும்பகோணம் போகும் வழியில் உள்ள திருவாவடுதுறை. ஆதீனத்தின் ஆதரவில் சாப்பாட்டுக் கவலை விடுகிறது, படிப்பு வேகம் பிடிக்கிறது. 1887-ல் வந்த சீவகசிந்தாமணிப் பதிப்புக்கும் 1894-ல் வந்த புறநானூற்றுப் பதிப்புக்கும் பின்னால் அப்பா அனுப்பிய பணமும் மடத்துச் சோறும் இருக்கின்றன. உ.வே.சா. அதை மறைக்கவில்லை. சோறு போட்டவர்களின் பெயரை எல்லாம் ஞாபகமாக எழுதி வைத்திருக்கிறார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன்.

1929-ல் வர்ஜீனியா உல்ஃப் இதே விஷயத்தை எழுதினார். எழுத நினைக்கிற பெண்ணுக்கு வருடத்துக்கு 500 பவுண்டும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கட்டுரையில் வரும் பெண்ணைக் கல்லூரி நூலக வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் யார் யாருக்குக் கதவு சாத்தப்பட்டது என்று அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். உ.வே.சா. உள்ளே அனுமதிக்கப்பட்டவர். அதனால் நன்றி சொல்லிக்கொண்டே போகிறார்.

மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரின் கதையைக் கீர்த்தனைகளாகச் செய்தவர். உ.வே.சா. அவரிடம் கொஞ்ச நாள் சங்கீதம் கற்றார். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். நந்தனைப் பாடியவரிடமே பாடம் கேட்ட பையன், இந்தத் தமிழ்ப் பாடத்துக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளையின் வாசல் அந்தக் காலத்துக்கு விசாலமானதுதான். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அங்கே கூடவே இருந்து படித்தார். ஆனால் சத்திரத்துச் சோறு எந்த ஜாதிக்கு, பெண் ஒருத்தி படிக்க வந்தால் எங்கே தங்குவாள் என்ற கேள்விகளுக்குப் புத்தகத்தில் இடமே இல்லை.

1855-ல் பிறந்தவரிடம் இதை எதிர்பார்க்கலாமா என்பீர்கள். நியாயம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தப் புத்தகத்தை மேடைக்கு மேடை கொண்டாடுகிற நம் மேல்தான். தமிழ்த் தாத்தா பசியோடு படித்தார் என்று கண்ணீர் விடுகிறோம். அதே ஊரில் ஒரு பெண் ரூம் கேட்டு வந்தால், 'என்ன ஆளுங்க' என்கிறோம்.

பணம் ஓரளவு வந்துவிட்டது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்களுக்கு நெடுநாளாக 8,000 ரூபாய்தான். எதுவுமே கிடைக்காமல் படிப்பவர்களும் ஏராளம். ஆனால் 37,000 வாங்கினாலும் அந்தக் கொய்யா மரத்து வீடு கிடைக்காது. அங்கே வாடகையைப் பற்றிப் பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா?

கடைசியில் அவளுக்கு ஒரு மாடி ரூம் கிடைத்தது. கீழே கடை, எதிரே பஸ் நிற்கும் இடம். ராத்திரி பதினோரு மணி வரை ஹாரன்.

"எப்படிம்மா படிப்பே?" என்றேன்.

"விடிகாலை நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் சத்தமே இல்லை அங்கிள். அப்ப எழுந்துக்கறேன்" என்றாள்.

மாயூரத்தில் படிக்கிறவர்களுக்கு அது பழைய வழக்கம்தான். தளிர் பார்க்க ஒரு தோட்டம் மட்டும் இல்லை.