நடு மூட்டுக்கு ஒரு மாவுக்கட்டு

கைச் சிகிச்சையில் உயர்ந்த வேலைப்பாடு எது என்று எங்கள் துறைக்காரர்களைக் கேட்டால், பெரும்பாலோர் தெர்மோபிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வெந்நீரில் இளகிய தகடு உள்ளங்கையின் மேட்டிலும் பள்ளத்திலும் படிந்து இறுகுவது பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. தசைநாண் தையலிலேயே ஊறியவர்களுக்கு கிளைனர்ட்டின் ரப்பர் பேண்ட் முறை உயிர். தைத்த விரலை நோயாளி தானே நீட்ட, ரப்பர் பேண்ட் அதை மடக்கிக் கொண்டுவரும் அந்த லாவகத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். பேசட்டும். மடங்கி இறுகிப்போன விரலின் நடு மூட்டின் மேல், ஒரு அங்குல அகலத்தில் இரண்டு மூன்று சுற்றாக, விரல் நுனி மட்டும் வெளியே தெரியப் போடும் மாவுக்கட்டுக்கு ஈடாக எனக்கு இந்த இரண்டும் வராது.

நான் வேலை பழகிய ஓ.பி.யில் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் கட்டுப் போட உட்கார்ந்தால் நான் என் மேஜையை விட்டுவிட்டுப் போய் நிற்பேன். பத்து சென்டிமீட்டர் சுருளைக் காய்ந்த நிலையிலேயே நீளவாக்கில் நறுக்குவார். ஓரத்தில் ஒரு பிசிறு நூல் இருந்தாலும் அந்தப் பட்டை குப்பைக்குப் போகும். நனைந்த கட்டுக்குள் அந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மாவு அவசரப்பட்டு இறுகிவிடும். சுற்றி முடித்ததும் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து பீங்கான்போல வழவழப்பாகும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பார். விரல் நுனியால் ஒருபோதும் அழுத்தமாட்டார். அழுத்தினால் கட்டில் குழி விழும், அந்தக் குழி உள்ளே புண்ணாகும். கட்டைவிரல் மேட்டால்தான் தாங்குவார். அதையும் ஓரிடத்தில் நிறுத்தாமல், மாவு சூடேறி இறுகும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பார்.

இவ்வளவும் யாரும் பழகக்கூடிய சுத்தம். அதற்கப்புறம் வரும் இழுப்புதான் விஷயம். மூட்டு எதுவரை இணங்குகிறதோ அதுவரை நீட்டி, அதற்கு மேல் ஒரு துளி. அந்தத் துளி எவ்வளவு என்பதற்குப் புத்தகத்தில் அளவு கிடையாது. “வலிக்குதா?” என்று அண்ணன் கேட்டு நான் பார்த்ததில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை கொடுத்துவிட்டுச் செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், மாவு இறுகும் நேரத்தில் “மல்லாட்டை பிடுங்கியாச்சாம்மா?” என்றார். “எங்க சார், மழ வரட்டும்னு பாத்துக்கினு இருக்கோம்” என்று அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். போன தபா காய்ந்த கதை, கூலிக்கு ஆள் கிடைக்காத கதை. நடுவில் ஒரு சொல் இழுபட்டு நின்றது. அண்ணனின் கை ஒரு மயிரிழை தளர்ந்தது. பேச்சு மறுபடி ஓடியது. அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தினார்.

அறுவை மருத்துவர் பால் பிராண்டும் ஏறக்குறைய இதையேதான் செய்தார் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பிராண்ட், வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். தாய் மடியில் கிடந்து பால் குடிக்கும்போதே பாதத்துக்கு மாவுக்கட்டுப் போடுவார். குழந்தை குடிப்பதை நிறுத்திக் கண்ணைத் திருப்பிப் பார்த்தால் எல்லை வந்துவிட்டது என்று பொருள். காம்பை விட்டுவிட்டு அழுதால் எல்லை தாண்டிவிட்டது. மல்லாட்டையைப் பற்றிக் கேட்ட அண்ணன் இந்தக் கதையைக் கேட்டிருந்தாரா, தானாகவே கண்டுபிடித்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. கரிகிரித் தண்ணீர் குடித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பாதக்கட்டின் பாடம்தான் தொழுநோயாளிகளின் விரலுக்கு வந்தது. செங்கல்பட்டில் 1947-ல் அந்த மடங்கிய கைகளைப் பார்த்தபிறகு பிராண்ட் அறுவை சிகிச்சையில் இறங்கினார். ஒரு தசைநாணைப் பிரித்து விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைப்பது பெரிய காரியம்தான். ஆனால் மூட்டு இளகாத விரலில் எந்தத் தசைநாணைத் தைத்தும் பயனில்லை. மூட்டை முன்கூட்டி இளக்கித் தருவதும், இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்குவதும் பிசியோவின் பாடு. வேலூரில் அதைச் சுமந்தவர் ரூத் தாமஸ். கத்தி பிடித்தவரின் பெயர் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் நம்மவர்களுக்குத் தெரியாதது எனக்கு நெடுநாள் குறை.

உணர்ச்சியற்ற கைக்குக் கட்டுப் போடுவதில்தான் இந்தக் கலையின் உச்சம் இருக்கிறது. அங்கே பேச்சு தடைபடாது, முகம் சுளிக்காது, எவ்வளவு இழுத்தாலும் நோயாளி சிரித்துக்கொண்டிருப்பார். நோயாளிக்கு இல்லாத நரம்பைச் சிகிச்சை செய்பவர் தன் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டை ஊறவைத்து உரித்ததும் அண்ணன் தன் புறங்கையை அந்த மூட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். பக்கத்து விரலைவிடச் சூடு கூடியிருந்தால் போனமுறை இழுப்பு அதிகம், அன்றைக்குக் கட்டு இல்லை. மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை அதற்குப் பிறகுதான் எடுப்பார்.

பிடித்து இழுத்து ஒரே நாளில் நிமிர்த்துவோம் என்கிற கட்சி ஒன்று உண்டு. ஊரில் நீவிவிடுபவர்கள் மட்டும் அந்தக் கட்சியில் இல்லை, பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஒரு உட்காரலில் பத்து டிகிரி கிடைத்தால் நோயாளிக்கும் மகிழ்ச்சி. மறுநாள் மூட்டு வீங்கும், உள்ளே கிழிந்த இடம் தழும்பாகும், வாங்கிய டிகிரியைத் தழும்பு வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும். சுருங்கிய திசுவை இழுத்து நீளமாக்க முடியாது, மெல்லிய இழுப்பில் தொடர்ந்து வைத்திருந்தால் அது வளர்ந்து நீளும் என்பதுதான் பிராண்ட் கடைசிவரை சொன்னது. சுருள் கம்பி வைத்த ஸ்பிளிண்ட்டும் அதைச் செய்யும் என்பார்கள். செய்யும், நோயாளி கழற்றாமல் இருந்தால். மாவுக்கட்டு தூங்கும்போதும் வேலை செய்கிறது. விரலின் ஒவ்வொரு சுருக்கத்திலும் படிந்திருப்பதால் எந்த ஓரிடத்தையும் அது கடிப்பதில்லை. வியர்வையையும் உறிஞ்சிக்கொள்கிறது.

நான் குடியிருப்பது அடி அண்ணாமலையில். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமிக்கு நடப்பவர்கள் மலையைப் பார்க்க, என் கண் பாதையோரம் நீளும் கைகளுக்குப் போய்விடும். வயதான சிலருக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கியே நிற்கும். அறுபது டிகிரி, எழுபது டிகிரி என்று மனசு அளந்துகொண்டே போகும். உரிய காலத்தில் ஒருவர் வாரக்கணக்கில் மாவு குழைத்திருந்தால் அவற்றில் பல நிமிர்ந்திருக்கும்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 1982-ல் வந்தது. 2005 கடைசியில் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் வந்துவிட்டதாக நாடு அறிவித்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் தனிப் பிரிவுகள் பொது மருத்துவத்தோடு கலந்து, பழைய டெக்னீஷியன்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றபோது இந்தக் கைப்பழக்கமும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. இறுகிய விரல்கள் எங்கேயும் போகவில்லை. பைக்கில் விழுந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள், கரும்பு ஆலையில் கை கொடுத்தவர்கள், பல வருஷச் சர்க்கரையில் விரல் விறைத்தவர்கள் என்று ஓ.பி. நிரம்பித்தான் இருக்கிறது. அவர்களுக்கு இன்று கிடைப்பது மருந்துக்கடையில் மூன்றே அளவில் தொங்கும் விரல் ஸ்பிளிண்ட்டும், படம் போட்ட பயிற்சித் தாளும், செல்போனில் ஒரு வீடியோவும். புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் புத்தக அறிவு எங்களைவிட அதிகம், சந்தேகமில்லை. ஆனால் மாவு நனைக்கச் சொன்னால் கையுறை தேடுகிறார்கள், சிந்தினால் தரையைப் பார்க்கிறார்கள். ஃபைபர் கட்டு சுத்தமாக இருக்கிறதே என்கிறார்கள். அதை விரலில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் முரட்டுத்தனம் தெரியும். கழற்றவும் ரம்பம் வேண்டும். மாவுக்கட்டை வெந்நீரில் ஊறவைத்து நோயாளியின் பேத்தியே உரித்துவிடுவாள்.

கட்டை எத்தனை நாள் விடலாம் என்பதில் எனக்கும் சக ஊழியர்களுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. ஒரு வாரம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு வாரம் அசையாமல் கிடந்தால் மூட்டு மடங்குவதை மறந்துவிடும். என் கணக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. உரித்த உடனே மடக்கி நீட்டப் பயிற்சி, பிறகு அடுத்த கட்டு. அப்படியானால் ஜவ்வாது மலையிலிருந்து வருபவர் வாரத்துக்கு மூன்றுமுறை பஸ் ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொருமுறையும் ஒரு நாள் கூலி போகும். அண்ணன் இருந்தவரை மலையிலிருந்து வருபவர்களுக்குத்தான் முதல் கட்டு. மாவு காய்ந்ததும் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். இப்போது எல்லோருக்கும் டோக்கன். மலை பஸ் வந்து சேரும்போது ஐம்பது நம்பர் ஓடியிருக்கும். அவர்களை முன்னால் விடச்சொல்லி வாரத்தில் ஒருநாளாவது கவுண்டரில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.