தீமையின் இருப்பிடம்

ஜோசப் சார்ஜென்ட் இயக்கிய 'கொலோசஸ்: தி ஃபோர்பின் ப்ராஜெக்ட்' (1970) என்னும் திரைப்படத்தில், அமெரிக்க அணு ஆயுதங்களை ஆளும் கணிப்பொறி, சோவியத் கணிப்பொறியோடு இணைந்து மனுக்குலத்தை அடிமைப்படுத்துகிறது. படம் வலிமையுடையதே, ஆயினும் தீமையை இயந்திரத்தின் சித்தத்தில் வைத்தது பிழையென்போம்.

1988 நவம்பரில் ஒரு மாணவர் இணையத்தில் விடுத்த 'புழு' என்னும் நிரல், ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகளைப் பற்றியதாகக் கணிக்கப்பட்டது. அதற்குச் சித்தமுமில்லை, பகையுமில்லை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும், அஞ்சல் நிரலில் அடைக்காது விடப்பட்ட வழியுமே அதை உள்ளே விட்டன. இன்றைய செயற்கை நுண்ணறிவு இத்தகைய வழிகளை இன்னும் விரைந்து தேடவல்லது. எனவே அச்சம் வீணன்று.

கொலோசஸோ ஆயுதங்களைப் பறிக்கவேயில்லை. மீட்கவியலாதபடி மனிதரே அவற்றை அதனிடம் ஒப்படைத்து, அதைக் கொண்டாடவும் செய்தனர். நம் மாணவர் விவாதிக்கத்தக்க அந்தக் காட்சியைப் படம் தொடக்கத்திலேயே விரைந்து கடந்துவிடுகிறது.